பலீல் அவுட் இல்ல

எங்கட கிரிக்கட் டீம்ல பலீலை வெச்சிருக்கிறதா, எடுக்கிறதாங்கிற பேச்சு மூணு மாசமா உக்குவளையில ஓடிச்சு. பள்ளிவாசல் படியில அந்தப் பேச்சு, சலூன்ல அந்தப் பேச்சு, ஸ்டேஷன்ல கண்டிக் கோச்சிக்கு நிக்கிற சனத்துக்கும் அதே பேச்சு. அரிசி என்ன விலை விக்குதுன்னு யாருக்காவது கவலையா? இல்ல. பலீல் ஞாயித்துக்கிழமை எத்தனை அடிச்சான்ங்கிறதுதான் கவலை. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏன்னா பலீல் என்ட மச்சான். என்ட பொண்டாட்டி ஸரீனாவோட கூடப் பொறந்த நானா, மூத்தவன். செலக்ஷன் கமிட்டியில இருக்கிற மூணு பேர்ல நான் ஒருத்தன். அது போதாதுன்னு, முழங்கால் போனதுக்குப் பொறகு டீமுக்கு அம்பயரும் நான்தான். பஸ்லின்னு என்ட பேரைச் சொன்னா, டயர் கடைக்காரன்னு சொல்றவங்களை விட அம்பயர்னு சொல்றவங்கதான் கூட.

பலீலுக்கு நாப்பத்துமூணு வயசு. கரண்ட் வேலை செய்ற வயரிங் பாஸ். உக்குவளையில பாதி வூட்டுக்கு வயர் இழுத்தது அவன்தான். ஏணியைத் தோள்ல மாட்டிக்கிட்டு மோட்டசைக்கிள் ஓட்டுவான், பாக்கிற நமக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்கும். நாம பத்து வார்த்தை பேசினா அவன் ஒண்ணு பேசுவான். சுவர்ல சுவிட்ச் ஒரு நூல் சரிஞ்சிருந்தா கழட்டித் திரும்பவும் பூட்டுவான். வூட்டுக்காரன், போதும் பாஸ், நல்லாத்தான் இருக்குன்னு கெஞ்சினாலும் விட மாட்டான். கட்டார்ல ரெண்டு வருசம் வேலை செஞ்சான். லீவுல வந்தவன் திரும்பிப் போகல்ல. வெயில் ஒத்துக்கல்லன்னு காரணம் சொன்னான். அந்த வருசம் நாங்க ஃபைனலுக்கு வந்திருந்தோம், உண்மையான காரணம் அதுதான். அவன் பொண்டாட்டி றிஸ்னா ஒரு மாசம் அவனோட பேசல்ல.

அவன் ஆடினா எப்படி ஆடுவான்னு கேட்டா எல்லாரும் வில்கமுவ மெட்ச்சைத்தான் சொல்வாங்க. ஒரு பக்கம் விக்கட் பொலபொலன்னு விழுது, இவன் மத்தப் பக்கம் நின்னு எண்பத்தாறு அடிச்சு ஜெயிக்க வெச்சான். மெட்ச் முடியிறப்ப பஸ் போயிட்டு. தோத்த டீம்ல இருந்த ஒரு வயல்காரர்தான் தன்ட டிராக்டர்ல எங்களை ஏத்திக்கிட்டு மெயின் ரோட்டுல கொண்டு வந்து விட்டார். பலீலை மட்டும் முன்னால தனக்குப் பக்கத்துல உக்கார வெச்சு, சிங்களத்துல அவன்ட ஒவ்வொரு ஃபோரையும் அவனுக்கே வெளங்கப்படுத்திக்கிட்டு வந்தார். பின்னால பெட்டியில நாங்க பத்துப் பேர் எலும்பு நொறுங்க வந்தோம்.

அப்படிப்பட்டவனுக்கு போன வருசக் கடைசியில என்ன வந்துச்சோ தெரியாது. ஏழு மெட்ச்சுல பதினொரு ரன். கண்ணைச் செக் பண்ணினான், கண்ணு நல்லா இருக்குன்னு அனுப்பிட்டாங்க. அடிக்கிற பெட்டை மாத்தினான். றிஸ்னா தண்ணி ஓதி எடுத்து வந்து குடுத்தா, அதையும் குடிச்சான். ஒண்ணும் சரிவரல்ல. வயர் இழுக்கப் போற வூடுகள்ல, பாஸ், இந்தக் கிழமையும் முட்டையான்னு கேப்பாங்க. ஏணி உச்சியில நிக்கிறவன் என்ன பதில் சொல்வான், சிரிச்சு வெப்பான். டீம் வட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் ஃபியூஸ் போன பல்பு படம் போட்டான். பேர் போடல்ல. போடத் தேவையும் இல்ல. நான் அவனைக் குரூப்ல இருந்து தூக்கினேன், அடுத்த நாள் றிஷாத் திரும்பச் சேத்துட்டான்.

றிஷாத் எங்கட கெப்டன். பேங்க்ல வேலை, இருபத்தேழு வயசு, யோசிச்சுப் பேசுற பொடியன். கமிட்டியில மூணாவது ஆள் பதுர்தீன் ஹாஜியார். ஹார்ட்வெயார் கடை அவருக்குச் சொந்தம், டீமுக்கு டீசேர்ட்டும் அவர்தான் அடிச்சுக் குடுக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுட்டு அவர் கடைக்குப் பின்னால, சீமெந்து மூட்டைகளுக்கு நடுவுல பிளேன்டீ குடிச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை லிஸ்ட்டை எழுதுவோம்.

பல்லேபொல மெட்ச்சுக்கு லிஸ்ட் எழுதுறப்ப றிஷாத் பேச்சை எடுத்தான். அந்தப் புதுப் பொடியன் ஷிஹாம் ரெண்டு மாசமா எங்களோட வந்து தண்ணி தூக்கிட்டுப் போறான், ப்ராக்டிஸ்ல அவன் அடிக்கிற பந்தைத் தேடவே நாலு பேர் வேணும், அவனை வெளியில உக்கார வெச்சிட்டு ஒவ்வொரு மெட்ச்சும் ஒரு விக்கட் குறைவா ஆடுறோம்னு சொன்னான். பலீல் நானாவை எனக்குச் சின்ன வயசுல இருந்து பிடிக்கும், மரியாதையை எவ்வளவு வேணும்னாலும் குடுப்போம், ஓப்பனிங் இடத்தைக் குடுக்க ஏலாதுன்னு முடிச்சான்.

நான் கத்தினேன். இந்த டீமுக்கு கிரவுண்ட் இல்லாத காலத்துல புல் வெட்டினவன் யாருன்னு கேட்டேன். கட்டார்ச் சம்பளத்தை விட்டுட்டு வந்தவன் யாருன்னு கேட்டேன். ஏழு மெட்ச்சுக்காக இருபத்தஞ்சு வருசத்தைக் குப்பையில போடுவீங்களான்னு கேட்டேன். சீமெந்துத் தூசி தொண்டையில போய் இருமல் வர்ற வரைக்கும் கத்தினேன். ஆனா ஒரு விசயத்தைச் சொல்லித்தான் ஆகணும். றிஷாத் சொன்னது சரின்னு எனக்கு அப்பவே தெரியும். ஷிஹாம்தான் ஆடணும். அது என்ட மனசுல இருந்துச்சு, வாயில வரல்ல. வாய்க்கு வர்ற நேரமெல்லாம் ஸரீனாட முகம் வந்து நிக்கும்.

ஹாஜியார் ரெண்டு பேரையும் அடக்கினார். இன்னும் ஒரே ஒரு மெட்ச் குடுப்போம், பல்லேபொலையில அடிச்சா இருக்கட்டும், அடிக்காட்டி நாங்களே போய்ப் பேசுவோம்னு தீத்து வெச்சார்.

ஞாயித்துக்கிழமை காலையில நான் சப்பாத்து போடுறேன், ஸரீனா வந்து நிக்கிறா. எங்கட நானாவை இன்னிக்காவது கொஞ்சம் நிக்க விடுங்கன்னு சொல்றா. நான் என்னவோ அவனுக்குப் பந்து போடப் போற மாதிரி. எனக்கு வந்துச்சே ஒரு கோபம். வேன்ல ஏறினா ஹாஜியார் தோள்ல தட்டி, பாத்துக்க பஸ்லின்னாரு. என்னத்தைப் பாக்கிறது? பின் சீட்டுல யாரோ, இன்னிக்கு அம்பயரே மச்சான்தானே, பயமில்லன்னு சொல்லிச் சிரிச்சாங்க. பலீல் ஜன்னல் பக்கம் உக்காந்து கையை விரிச்சு மடக்கிக்கிட்டே வந்தான்.

எங்கட பக்கத்து சொஃப்ட்போல் கிரிக்கட் மெட்ச்சுகளுக்கு வெளி ஆள் அம்பயரா வர்றதில்ல. பெட் பண்ற டீம்ல இருந்தே ரெண்டு பேர் வந்து நிக்கணும். தன்ட ஆளுக்குத் தானே தீர்ப்புச் சொல்லணும். அதனால அம்பயருக்கு ஒரு ரோசம் இருக்கும். ஒரு தடவை தன்ட டீமுக்கு இழுத்தான்னு பேர் வந்தா, பொறகு எந்த ஊர்லயும் அவனை மதிக்க மாட்டாங்க. பதினாலு வருசமா எனக்கு அந்தப் பேர் வரல்ல. பஸ்லி சொன்னா சரிதான்னு சிங்கள டீம்காரங்களும் சொல்வாங்க. எனக்கு அதுல பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்துச்சு.

நாங்கதான் முதல்ல பெட் பண்ணினோம். பலீல் முதல் ஓவர்ல ஒண்ணு எடுத்தான். ரெண்டாவது ஓவர்ல ஒரு ரெண்டு. பொறகு வெளியில விழுந்த ஒரு பந்தை முன்னங்கால் வெச்சு ஒரு தட்டு தட்டினான் பாருங்க, பந்து ரோட்டுப் பக்கம் போய் வயல்ல விழுந்துச்சு. ஃபோர். பழைய பலீல். கை காட்டுறப்ப என்ட முகத்துல சிரிப்பு வந்திருக்கணும். விக்கட் கீப்பர் அதைப் பாத்துட்டான். அம்பயர்ட மஸ்ஸினா, மச்சான்தானே இவர்னு சிங்களத்துல எல்லாருக்கும் கேக்கச் சொன்னான். பல்லேபொலக்காரங்க சிரிச்சாங்க. எங்கட டீம் உக்காந்திருந்த பக்கத்துல இருந்தும் சிரிப்பு வந்துச்சு.

அடுத்த பந்து கொஞ்சம் வெளியில வந்துச்சு. பலீல் வீசினான். டக்குன்னு ஒரு சத்தம். பந்து கீப்பர் கையில. பதினொரு பேரும் ஒரே கத்தலாக் கத்தினாங்க.

நான் பாத்ததை அப்படியே சொல்றேன். பந்துக்கும் பெட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருந்துச்சு. பெட் அவன்ட சப்பாத்து நுனியில பட்டுச்சு, அந்தச் சத்தம்தான் வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். சந்தேகமே இல்ல. ஆனா நாட் அவுட்னு சொன்னா என்ன சொல்வாங்கன்னுதான் மண்டைக்குள்ள முதல்ல ஓடிச்சு. மச்சானைக் காப்பாத்தினான். பஸ்லியும் அவ்வளவுதான். அந்த நினைப்பு முடியிறதுக்குள்ள என்ட விரல் மேல போயிடுச்சு.

பலீல் என்னைப் பாத்தான். ஒரே ஒரு தடவை. பொறகு பெட்டைப் பாத்தான், திருப்பிப் பாத்தான், கக்கத்துல வெச்சுக்கிட்டு நடந்தான். பல்லேபொலக் கெப்டன் எனக்குப் பக்கத்துல வந்து, நல்ல அம்பயர்னு முதுகுல தட்டினான்.

அந்த மெட்ச்சை நாங்க ஆறு ரன்னுல ஜெயிச்சோம். அதனால அந்த அவுட்டைப் பத்தி யாரும் பேசல்ல. வேன்ல பாட்டும் கூத்தும். எனக்கும் வாயைப் பொத்திக்கிட்டு வர வசதியாப் போச்சு.

அந்தக் கிழமை முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடையில இருக்க ஏலல்ல, வூட்டுல இருக்க ஏலல்ல. ஒரு மோட்டசைக்கிளுக்கு ஒட்டுப் போட்டு அனுப்பினேன், பத்து நிமிசத்துல அந்த மனிசன் தள்ளிக்கிட்டுத் திரும்பி வர்றான். ஓட்டை ஒரு பக்கம், நான் ஒட்டினது வேற பக்கம். ஸரீனா சோத்தை வெப்பா, வெச்சிட்டு, உண்மையாவே பட்டுச்சான்னு கேப்பா. படாமலா குடுத்தேன்னு அவ மேல எரிஞ்சு விழுவேன். பொய் சொல்றவனுக்குத்தான் அவ்வளவு கோபம் வரும்னு அவளுக்கு வெளங்கியிருக்கும். திரும்பத் திரும்ப அவ கேட்டது அதனாலதான்னு நெனைக்கிறேன்.

வியாழக்கிழமை பகல் பலீல் கடைக்கு வந்தான். சண்டைக்குத்தான் வர்றான்னு நெனைச்சேன். வரட்டும், நாலு வார்த்தை திட்டிட்டுப் போகட்டும், எனக்கும் பாரம் குறையும்னு எழும்பி நின்னேன். அவன் பழைய டயர் ஒண்ணுல உக்காந்தான். ரோட்டைப் பாத்துக்கிட்டே பேசினான். அவன் வாழ்நாள்ல அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதில்ல.

"மச்சான், அன்னிக்கு அந்தப் பந்து பட்ட மாதிரி எனக்குத் தெரியல்ல. கையில ஒண்ணுமே வெளங்கல்ல. ஆனா நீ அவுட் குடுத்தே. எனக்காக ஹாஜியார்ட கடையில கத்தின ஆள் நீ. நீயே குடுத்தா அது அவுட்டாத்தான் இருக்கணும். பந்து பெட்ல பட்டது கூடத் தெரியாத அளவுக்கு என்ட கை செத்துப் போச்சுன்னா, இனி நான் போய் நிக்கிறதுல அர்த்தம் இல்ல. வேற எவனா இருந்தாலும் எனக்காக மறைச்சிருப்பான். நீ மறைக்கல்ல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சொல்லிட்டு என்ட கையைப் பிடிச்சுக் குலுக்கினான். யா அல்லாஹ், இவன் எனக்கு நன்றி சொல்ல வந்திருக்கான். நான் வாயைத் தொறந்தேன். தொறந்து என்ன சொன்னேன் தெரியுமா? பிளேன்டீ குடிக்கிறியான்னு கேட்டேன். வேலை இருக்கு, வெள்ளிக்கிழமை ஹாஜியார்ட கடைக்கு வந்து எல்லாருக்கும் சொல்லிட்டு விலகிக்கிறேன்னு சொல்லிட்டு, ஏணியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். என்னை நானே செருப்பால அடிக்கணும்போல இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பொறகு ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால போனா, அங்க கல்யாண வூடு மாதிரி இருக்கு. பலீல் முன்னாடியே போய்ச் சொல்லிட்டான். ஹாஜியார் எல்லாருக்கும் தின்ன பெட்டீஸ் வாங்கி வெச்சிருக்கார். கேடயம் ஒண்ணு செய்யக் குடுப்போம், ஞாயித்துக்கிழமை கிரவுண்ட்ல வெச்சுக் குடுப்போம்னு பேசிக்கிட்டு இருக்கார். றிஷாத் பலீல்ட கையைப் பிடிச்சுக்கிட்டு, நானா, உங்களைப் பாத்துத்தான் நான் பெட் பிடிக்கவே பழகினேன்னு கண் கலங்கச் சொல்றான். மூணு மாசமா இழுத்த வில்லங்கம் யாரையும் நோகடிக்காம முடிஞ்சுதேன்னு எல்லாருக்கும் நிம்மதி. பலீல் மட்டும் பெட்டீஸைக் கடிக்காம கையில வெச்சுக்கிட்டு இருக்கான், அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருக்கான்.

எனக்கு அதைத் தாங்க ஏலல்ல. டீமை விட்டுப் போறது வேற. தன்ட கை செத்துப் போச்சுன்னு நம்பிக்கிட்டுப் போறது வேற. அதுவும் நான் சொன்ன பொய்யை நம்பிக்கிட்டு.

"பலீல், அந்தப் பந்து படல்ல," என்றேன். "வல்லாஹி, சத்தியமாப் படல்ல. பெட் ஒன்ட சப்பாத்துல பட்டுச்சு. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் அவுட் குடுத்தேன். மச்சானுக்குச் சாதகமாச் சொன்னான்னு பேர் வந்துடும்னு பயந்து குடுத்தேன்."

ஹாஜியார் பெட்டீஸ் தட்டைக் கீழ வெச்சார். முதல்ல றிஷாத்துக்குத்தான் கோபம் வந்துச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்ச பொறகு இதை ஏன் இப்பக் கிளப்புறீங்கன்னு என்னைக் கேட்டான். நியாயமான கேள்விதான். பலீல் அவனைப் பாக்கல்ல, என்னைத்தான் பாத்தான்.

"எவ்வளவு இடைவெளி?"

ரெண்டு விரல்னேன். அவன் தலையை ஆட்டினான், அவன் மனசுல வெச்சிருந்த கணக்கும் அதுவாத்தான் இருந்திருக்கணும். முகத்துல ஒரு ரத்தம் ஏறிச்சு. மூணு மாசத்துல அந்த முகத்துல நான் பாத்த முதல் உசிர் அதுதான். பெட்டீஸை வெச்சிட்டு எழும்பினான். கேடயம் ஒண்ணும் வேணாம் ஹாஜியார்னு சொன்னான். நானே விலகிப் போறதா இல்ல, பதினொரு பேர் லிஸ்ட்டை நீங்க மூணு பேரும் எழுதுங்க, என்னை வெளியில எடுக்கிறதுன்னா நீங்க எடுங்க, எனக்கு முன்னாலயே எடுங்கன்னு சொல்லிட்டு, சீமெந்து மூட்டையில சாய்ஞ்சு நின்னான்.

ஹாஜியார் இருமினார், தொப்பியைக் கழட்டித் திரும்பப் போட்டார், கடைசியில, பலீல் இருக்கட்டுமேன்னு சொன்னார். றிஷாத் அழுதுடுவான் போல இருந்துச்சு, ஆனா பின் வாங்கல்ல. அந்த அவுட் தப்புதான், மத்த ஏழு மெட்ச்சும் தப்பு இல்லையே, ஷிஹாம்தான்னு சொன்னான். ஒண்ணுக்கு ஒண்ணு. மூணு பேரும் என்னைப் பாக்கிறாங்க.

வெச்சிருக்கணும்னு சொல்றது எனக்கு அந்த நேரத்துல எவ்வளவு லேசு தெரியுமா? சொன்னா வூட்டுல சோறு கிடைக்கும். நான் செஞ்ச பாவத்துக்கும் சரியாப் போகும். சொந்தக்காரனுக்காக மனசுல இல்லாததை ஒரு தடவை பேசினேன். சொந்தக்காரன்ங்கிறதுக்காகவே கண்ணால கண்டதை மாத்தி ஒரு தடவை விரலைத் தூக்கினேன். மூணாவது தடவை ஏலாது. பலீல் பக்கம் திரும்பினேன்.

"நீ அவுட் இல்ல மச்சான். ஒன்ட கைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை ஷிஹாம்தான் ஆடணும். அன்னிக்கு நான் கத்தினப்பவும் என்ட மனசுல இதுதான் இருந்துச்சு."

பலீல் கிட்ட வந்தான். அடிச்சாலும் பரவாயில்லன்னு நின்னேன். அவன் அடிக்கல்ல, கத்தவும் இல்ல.

"இதை அன்னிக்கே என்ட முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாமே பஸ்லி," என்றான். "நான் வூட்டுல உக்காந்திருப்பேன். இந்த ஒரு கிழமை என்ட கையை நான் வெறுத்திருக்க மாட்டேன்."

அவன் என்னை மச்சான்னு சொல்லல்ல. சின்ன வயசுல சேந்து ஆடின காலத்துல இருந்தே மச்சான்தான், அவன் வாயில என்ட பேர் வந்ததே இல்ல. மன்னிச்சுக்கன்னு சொன்னேனா, சொல்ல நெனைச்சேனா, அது ஞாபகம் இல்ல.

அவன் றிஷாத் பக்கம் திரும்பி, ப்ராக்டிஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டான். றிஷாத் திக்கித் திணறி, செவ்வாய்க்கிழமை நாலரைக்கு நானான்னு சொன்னான். வாறேன், அந்தப் பொடியனுக்கு முதல் பெட்டிங்கைக் குடு, அது முடிய எனக்குக் குடுன்னு சொல்லிட்டு, ஹாஜியாருக்கு மட்டும் ஸலாம் சொல்லிட்டு வெளிய போனான். மோட்டசைக்கிள் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டுச்சு. ஷிஹாம்ட பேரைப் பலீல் இருந்த ஓப்பனிங் இடத்துல எழுதச் சொல்லி றிஷாத் பேனையை என்ட கையில தந்தான், நான் எழுதினேன்.